கேப்பர் மலைக்கும் பாகூருக்கும் நடுவில் ஓர் அவரைக்கொடி

வெள்ளி, கடலூர்

நாட்டு அவரை விதைகள் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போயிருக்கின்றன என்று தேடிப் பார்க்கக் கடலூர் வந்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டது. விதைக்கு விட்ட நெற்று கொடியிலேயே காய்ந்து, தொட்டால் கலகலவென்று சத்தம் கேட்கிற காலம் இது. இன்னும் கொஞ்ச நாள் போனால் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள், விதையும் பரணுக்குப் போய்விடும். பூ, காய், விதை மூன்றையும் ஒரே கொடியில் பார்க்க வேண்டுமென்றால் இப்போதுதான் வர வேண்டும்.

நெல்லுக்கு நம் ஊரில் ஒரு பெரிய விழிப்பு வந்தது. நெல் ஜெயராமன் 174 ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் கடைகளில் கிடைக்கின்றன. அவரைக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காரணமும் தெரிந்ததுதான். நெல் வயலில் இருக்கிறது, அவரை வேலியில் இருக்கிறது. வயலுக்குக் கணக்கு உண்டு, பட்டா உண்டு, அடங்கல் உண்டு. வேலியில் ஏறின கொடியை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்? ஒரு வீட்டில் எத்தனை அவரை இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. விதை தேடிப் போகிறவர்கள் வீட்டு ஆண்களிடம் பேசிவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைகூடக் கிடைக்காது என்பது என் அனுபவம்.

காலை ஆறு மணிக்கே உழவர் சந்தைக்குப் போய்விட்டேன். எங்கு பார்த்தாலும் பச்சை மொச்சை. ஒரு பக்கம் மூட்டையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு பக்கம் உட்கார்ந்தபடியே உரித்து அளந்து போடுகிறார்கள். அந்த எண்ணெய்ப் பசையும் மொச்சை வாசனையும் சந்தை முழுக்கக் கையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் காராமணி, கொத்தவரை, அகலமான பெல்ட் அவரை. அவரைக் குவியல் பெரும்பாலும் ஒரே பச்சை, ஒரே நீளம். கேட்டால் பாக்கெட் விதை என்றார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் கொண்டு வந்த ‘கோ’ வரிசைச் செடி அவரைகள் பந்தல் கேட்பதில்லை, எந்த மாதம் போட்டாலும் பூக்கும். வாரம் தவறாமல் சந்தைக்குக் காய் கொண்டு வர வேண்டியவருக்கு அதுதான் தோது. நான் தேடி வந்தது வேறு சரக்கு.

அது கடைசி வரிசையில் இருந்தது. வயதான ஓர் ஆயா, ஒரு சின்னக் கூடை, அதில் பட்டையான அவரைக்காய். காயின் இரண்டு விளிம்பிலும் மை தொட்டு இழுத்த மாதிரி ஊதாக் கோடு.

“ஆயா, இது கடை விதையா, வீட்டு விதையா?”

“கடையில வாங்குறதுக்கு எனக்கென்ன தலையெழுத்து? எங்கம்மா ஊட்டு வெத கண்ணு. நான் கண்ணாலம் கட்டிக்கினு வரும்போது முந்தானையில முடிஞ்சிக்கினு வந்தது.”

அம்மா வீடு எங்கே என்று கேட்டேன். பண்ருட்டிப் பக்கம் என்றார். இப்போது இருப்பது கேப்பர் மலையில். விதையைப் பார்க்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெதையப் பாக்கணும்னா கொடியத்தான் பாக்கணும். நாளைக்கி நான் சந்தைக்கி வர மாட்டேன். ஊட்டுக்கு வா.”

அரை கிலோ வாங்கிக்கொண்டு வழி கேட்டு எழுதிக்கொண்டேன். இன்றைக்கு இது போதும்.

சனி, கேப்பர் மலை

கடலூர்க்காரர்கள் மலை என்று சொன்னாலும் இது உயரமான செம்மண் மேடுதான். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்ததும் ரோடு ஏறத் தொடங்குகிறது, மண் சிவக்கிறது, முந்திரியும் பலாவும் வாழையும் வந்துவிடுகின்றன. ராமாபுரம் தாண்டி இறங்கி நடந்தேன். ஊர்ப் பெயரையும் ஆயாவின் பெயரையும் எழுதப் போவதில்லை.

கொடி வேலியில் தொடங்கி முருங்கை மரத்தில் ஏறி, அங்கிருந்து கொட்டகைக் கூரைக்குப் போயிருந்தது. தண்டு ஊதா, இலைக் காம்பு ஊதா, பூவும் ஊதா. பூங்கொத்து இலைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிரித்தேன். மேலே விரிந்த பெரிய இதழ், பக்கத்தில் இரண்டு இறக்கை இதழ்கள், அவற்றுக்குள் படகு மாதிரி மூடிய அடி இதழ். அந்த அடி இதழ் நேராகப் போய்ப் பாதியில் சட்டென்று மேல்நோக்கி மடங்குகிறது. இந்த மடிப்பு அவரைக்கு உரிய அடையாளம். பீன்ஸ், டபுள் பீன்ஸ் பூக்களில் இதே இதழ் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும். காய் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் பூவைத் திறந்தால் எது எந்தக் குலம் என்று தெரிந்துவிடும்.

ஆயா ஒரு நெற்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து நெரித்தார். நாலு விதை. நல்ல கருப்பு, லேசான பளபளப்பு. ஒவ்வொரு விதையின் ஓரத்திலும் தடித்த வெள்ளைப் பட்டை ஒன்று, விதைமேல் ஒட்டி வைத்தது போல. மொச்சையும் அவரையும் ஒரே இனம் என்பதற்கு இந்த வெள்ளைப் பட்டையே சாட்சி. மொச்சையைக் கொட்டைக்காக வளர்க்கிறோம், அவரையைத் தோலோடு சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். ஊதாப் பூவுக்குப் பெரும்பாலும் கருப்பு அல்லது பழுப்பு விதை, வெள்ளைப் பூவுக்கு வெளிறிய விதை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

“சித்திரையில விதைச்சா காய்க்குமா ஆயா?”

“கொடி ஊட்டையே மூடும். ஒத்தப் பூ வெக்காது. ஆடியில ஊனுனாலும் ஐப்பசி பொறந்தாத்தான் அதுக்கு ரோசம் வரும்.”

இந்தப் பதிலுக்காகத்தான் கேட்டேன். பழைய கொடி அவரைகள் பகல் பொழுது குறைந்து வரும்போதுதான் பூக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எவ்வளவு எரு போட்டாலும் பகல் நீளமாக இருக்கிற மாதங்களில் இலையாகவே தழைக்கும். புதிய ரகங்களில் இந்தக் குணத்தை நீக்கிவிட்டார்கள், அதனால்தான் அவை வருஷம் முழுக்கக் காய்க்கின்றன. ஒருவர் கையில் இருப்பது பழைய விதையா, ‘நாட்டு விதை’ என்று அட்டை ஒட்டி வந்த புது ரகமா என்ற சந்தேகம் வந்தால், நான் முதலில் கேட்பது சித்திரையில் பூத்ததா என்றுதான். பூத்தது என்றால் கொஞ்சம் நிதானிப்பேன்.

விதை எடுப்பதில் ஆயாவுக்குச் சட்டமாகச் சில வழக்கங்கள் உண்டு. முதல் காய்ப்பைக் குழம்புக்கு எடுத்துக்கொள்வார். கடைசியில் வருகிற காய் சிறுத்துப்போகும் என்பதால் அதையும் விதைக்கு வைப்பதில்லை. நடுக்காய்ப்பில், பூச்சி தொடாத, நீளமான காய்களாகப் பார்த்து அடையாளத்துக்குத் துணிக் கிழிசல் கட்டிவிடுவார். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. நெற்று கொடியிலேயே காய வேண்டும். உரித்து வெயிலில் போட்டு, பல்லில் கடித்துப் பார்த்து, கடிபடாமல் உடைந்தால்தான் பதம். அப்புறம் செம்மண்ணைக் குழைத்து விதைமேல் பூசி மறுபடியும் காயவைத்துச் சட்டியில் போட்டு, மேலே சாம்பலைக் கொட்டி மூடுவார்.

அந்தச் செம்மண் எதற்கு என்று பூசாத விதை ஒன்றைக் காட்டிச் சொன்னார். விதைத் தோலில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி. பயறு வண்டின் முட்டை அது. பொரிந்த புழு அங்கேயே துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விதையில் வட்டமாக ஜன்னல் வெட்டிக்கொண்டு வண்டு வெளியே வரும். வந்த கையோடு பக்கத்து விதையில் முட்டை வைக்கும். மண் பூசினால் முட்டை ஒட்ட இடம் கிடைப்பதில்லை, சாம்பலில் வண்டு நடமாட முடிவதில்லை. துவரைக்கு இப்படிச் செம்மண் கட்டுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவரைக்குச் செய்வதை இங்குதான் பார்க்கிறேன்.

மதியம் அவரைக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்டுக் குழம்பு. காயின் ஊதாக் கோடு வெந்ததும் மறைந்து முழுப் பச்சையாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்தது முதல் இன்று வரை இந்த விதை விட்டுப்போனதே இல்லையா என்று கேட்டேன். ஆயா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏன் இல்ல? தானே புயல்ல எல்லாம் பூடுச்சி.”

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய விடியற்காலை. இந்த மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பற்றி நிறைய எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் புயல் வந்தது மார்கழி நடுவில் என்பதை யோசித்துப் பாருங்கள். அவரை அப்போதுதான் காய்த்துக்கொண்டிருக்கும், விதை முற்றியிருக்காது. முருங்கை முறிந்து கொடியும் அதோடு போயிற்று. பரணில் சட்டிக்குள் இருந்த போன வருஷ விதை, கூரை பறந்ததும் நனைந்து முளைகட்டி அழுகிப்போயிற்று. பச்சைக் காயும் இல்லை, பழைய விதையும் இல்லை. இப்படி எத்தனை வேலிகளில், எத்தனை அவரை, பெயர்கூடத் தெரியாமல் போயிருக்கும்? அந்த இழப்பை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. எனக்கு அது ஆறாத விஷயம்.

“அப்புறம் எப்படி ஆயா கிடைச்சுது?”

“பெரியவள பாகூருல குடுத்திருக்கேன் இல்ல. அவ போறப்ப ஒரு புடி குடுத்துவுட்டேன். அவ ஊடு மெத்தை ஊடு. டப்பாவுல வெச்சிருந்தா. அடுத்த ஆடிக்கி அவதான் எடுத்தாந்து குடுத்தா.”

நாளைக்குப் பாகூர்.

ஞாயிறு, பாகூர்

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி எல்லை. கன்னியக்கோயிலில் இறங்கி மேற்கே போக வேண்டும். கேப்பர் மலையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்தான், ஆனால் மண் தலைகீழ். அங்கே தண்ணீர் நிற்காத செம்மண், இங்கே ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி.

வழியில் அறுத்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். ஈரச் சேற்றில் விழுந்த விதை முளைத்து, நெல்லை அறுத்ததும் வெயிலைப் பார்க்கும். அப்புறம் உழவில்லை, தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உளுந்தும் பச்சைப்பயறும் கொள்ளும் இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டவை. பச்சைப்பயற்றின் காட்டு உறவை மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் பார்க்கலாம்.

ஆயாவின் மகள் என்னைவிடப் பெரியவர். அக்கா என்று கூப்பிட்டேன். அம்மா போனில் சொல்லிவிட்டாராம், டீயோடு விதை டப்பாவும் தயாராக இருந்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டப்பா, பால் பவுடர் டப்பா. ஒவ்வொன்றிலும் காய்ந்த வேப்பிலை.

கொடியைத்தான் முதலில் பார்த்தேன். மெலிந்திருந்தது. வயது குறைந்த கொடி.

“இது போன ஆடியில போட்டதுதான். பழசெல்லாம் ஃபெஞ்சல்ல போச்சு” என்றார் அக்கா.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. காற்றைவிட மழைதான் கொடுமை. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. கரையோர ஊர்கள் மூழ்கின. அவரை காற்றைத் தாங்கினாலும் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. இலை பழுத்துக் கொடி செத்துப்போகும். அக்கா வீட்டில் கீழ் அறை அலமாரி வரைக்கும் தண்ணீர். டப்பாக்கள் மிதந்தன, மூடி சரியில்லாதவற்றில் சேறு புகுந்தது.

அந்தச் சமயம் கேப்பர் மலையில் ஆயாவின் கொடி காய்த்துக்கொண்டிருந்தது. மேட்டு நிலத்தில் தண்ணீர் நிற்கவில்லை. மாசியில் உரித்து, செம்மண் பூசி, ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆயா பேரனிடம் கொடுத்தனுப்பினார்.

நான் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. தானேயில் மலைவீட்டு விதையைப் பாகூர் திருப்பிக் கொடுத்தது. ஃபெஞ்சலில் பாகூர் விதையை மலை திருப்பிக் கொடுத்தது. டெல்லியில் தேசிய தாவர மரபணு வள வாரியம் இருக்கிறது, குளிர் அறைகளில் விதைகளைக் காக்கிறது. அது மிக அவசியமான வேலை. ஆனால் தானே அடித்த அடுத்த ஆடிக்கு ஆயாவின் வேலிக்கு விதை வந்தது, பெண் கொடுத்த ஊர் வேறு மண்ணாகவும் வேறு மேடாகவும் இருந்ததால். ஒரே தெருவில் பெண் கொடுத்திருந்தால் இந்தக் கருப்பு விதை இன்றைக்கு இல்லை. ஒரு ரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் விதையைப் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு பிடி போக வேண்டும்.

டப்பாவில் கருப்பு விதைகளுக்கு நடுவே சில பழுப்பு விதைகளும் கிடந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கி ஒதுக்கியபடியே, “மாமியார் ஊட்டு அவரை ஒண்ணு பின்னாடி இருக்கு. அது வெள்ளப் பூவு. ரெண்டும் கலக்குது போல” என்றார். சரியாகத்தான் சொல்கிறார். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும். ஆனால் பெரிய கருவண்டுகள் பூவை அழுத்தித் திறந்து தேன் எடுக்கும்போது கொஞ்சம் கலப்பு நடக்கத்தான் செய்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதையின் தோல் தாய்க்கொடியின் உடம்பு. அதனால் கலப்பு நடந்த வருஷம் அந்த விதையும் மற்றவை போலக் கருப்பாகவே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. அதை ஊன்றி வளர்ந்து காய்த்த பிறகுதான் வேறு நிறம் வெளியே வரும். ஆக விதையைப் பொறுக்குவது மட்டும் போதாது. முளைத்து ஏறும்போதே தண்டு நிறத்தையும், முதல் பூவின் நிறத்தையும் பார்த்து, மாறியிருக்கிற கொடியை அப்போதே எடுத்துவிட வேண்டும். அக்காவும் நானும் பேசி, வருகிற ஆடியில் மாமியார் வீட்டு அவரையை வயலோரத்துக் கொட்டகைப் பக்கம் கொண்டு போவது என்று முடிவு செய்தோம். இரண்டும் நல்ல அவரை. இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

கிளம்பும்போது அக்காவின் மகன், கம்பெனிக்காரன் யாராவது இந்த விதையை எடுத்துத் தன் பேரில் பதிந்துகொண்டால் நாம் போடக் கூடாதா என்று கேட்டான். நல்ல கேள்வி. 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். பிராண்ட் பெயர் போட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது. உழவர்கள் தங்கள் பாரம்பரிய ரகத்தைத் தங்கள் பேரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது.

திங்கள், புதுச்சேரி

செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-லிருந்து இயங்குகிறது. இங்குள்ள உலர்தாவரத் தொகுப்பைப் பார்க்க முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். அலமாரி அலமாரியாகத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் அழுத்திக் காயவைத்த ஒரு கொடி, மூலையில் சீட்டு. எங்கே எடுத்தது, எப்போது, யார். பூவின் நிறம் போய்விட்டாலும் அடி இதழின் மடிப்பு அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை நகத்தால் திறந்து பார்த்த அதே மடிப்பு.

அவரையின் காட்டுக் கொடி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கிருந்து அது எப்போதோ கடல் கடந்து வந்தது. கர்நாடகத்தில் பல்லாரி அருகே சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களைத் தோண்டியபோது கருகிய தானியங்களில் கொள்ளும் பச்சைப்பயறும்தான் அதிகம். அவரை அவற்றுக்குப் பிறகு, கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டில் வந்து சேர்கிறது. காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். நாம் சரமாகக் கட்டி விற்கிற நீளக் காராமணி ஆசியாவில் உருவானது. குறுந்தொகையில் பனிக்காலப் புதரில் படர்ந்த அவரையின் பூவைக் கிளியின் வாய்க்கு ஒப்பிடுகிற பாட்டு இருக்கிறது. மடங்கிய அடி இதழைப் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பனிக்காலத்தில் பூத்தது என்பதும் ஆயா சொன்ன கணக்கோடு பொருந்துகிறது.

பீன்ஸும் டபுள் பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். கொலம்பஸ் 1492-ல் கடல் கடந்த பிறகுதான் நம் பக்கம் வந்திருக்க முடியும். டபுள் பீன்ஸை உலகம் பெரு நாட்டு லிமா நகரத்தின் பெயரால் அழைக்கிறது. அப்படியானால் அது நம்முடையது இல்லையா? நாலு தலைமுறையாக ஒரு குடும்பம் விதை எடுத்து, வண்டிலிருந்து காத்து, மகளுக்குக் கொடுத்தனுப்பி வந்தால் அது அந்தக் குடும்பத்தின் அவரைதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவரைக்கு நாம் வயது கேட்பதில்லை. டபுள் பீன்ஸுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

மதியத்துக்கு மேல் தாவரவியல் பூங்கா. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. அதற்கும் முன்னால், 1816-ல் இங்கு வந்த லெஷ்னோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இங்கிருந்து செடிகளையும் விதைகளையும் ரீயூனியன் தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த ஊர்த் துறையில் விதை வந்தும் இருக்கிறது, போயும் இருக்கிறது. பூங்காவில் மரங்கள்தான் அழகு. அவரைக்கு அங்கே வேலை இல்லை.

செவ்வாய், புதுச்சேரி

தமிழ்ப் பகுதியில் ஒரு பழைய வீடு. தெருவில் தாழ்வாரத் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைத் தாண்டிச் சின்னத் தோட்டம். பாட்டியின் குடும்பம் சைகோனில் இருந்து திரும்பியது. பிரெஞ்சு ராணுவத்திலும் நிர்வாகத்திலும் வேலை பார்த்து இந்தோசீனாவில் வாழ்ந்த புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய. 1954-க்குப் பிறகும் 1975-ஐ ஒட்டியும் திரும்பி வந்தவர்கள் அங்கத்துச் சமையலையும் கொண்டு வந்தார்கள்.

தோட்டத்தில் சிறகு அவரை. காயைக் குறுக்கே வெட்டினால் நாலு மூலையிலும் நெளிநெளியாகச் சிறகு. பாட்டியின் அம்மா சைகோனிலிருந்து கொண்டு வந்த விதை என்று சொன்னார். வியட்நாமில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற காய். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முன்பிருந்தே உண்டு என்பதால் கொடியை மட்டும் வைத்து வழியைச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டி அதைச் சமைக்கிற விதம் வேறு. பொரியல் செய்வதில்லை. பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் மீன் சாறும் விட்டுப் பிசறுகிறார். பூவையும் கொழுந்தையும் சேர்க்கிறார். விதை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சமையலும் ஒரு சாட்சி என்று நான் நம்புகிறேன். விதை உறையில் அதையும் எழுதிக்கொண்டேன். கிழங்கு உட்பட முழுச் செடியும் சாப்பாட்டுக்கு ஆகும் என்பதால் 1975-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதற்கப்புறமும் இது வீட்டுத் தோட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. இதுவும் பகல் குறைந்தால்தான் பூக்கும்.

பக்கத்திலேயே மூக்குத்தி அவரை. பேரில் அவரை இருந்தாலும் இது அவரைக் குலமே கிடையாது. சர்க்கரைவள்ளியின் சொந்தம், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. சாப்பிடுவது பூவுக்கும் காய்க்கும் கீழே தடித்திருக்கும் பச்சைக் காம்பை. பூ சாயங்காலத்துக்கு மேல் ஊதா நிறத்தில் விரியும். இதன் விதை உறையைத் தனியாக வைத்துவிட்டேன், அவரைகளோடு சேர்க்கவில்லை.

தம்பட்டை அவரையும் ஒரு கொடி இருந்தது. முழங்கை நீளக் காய். பிஞ்சில்தான் சமைக்க வேண்டும். முற்றிய கொட்டையில் நஞ்சு உண்டு, ஊறவைத்துப் பலமுறை தண்ணீர் மாற்றி வேகவைக்காமல் தொடக் கூடாது. பாட்டிக்கு இது தெரிந்திருக்கிறது, பேத்திக்குத் தெரியவில்லை. விதை கொடுக்கும்போது இந்தச் செய்தியையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பதால் உறையின் மேல் சிவப்பு மையில் எழுதினோம்.

பாட்டிக்குக் கருப்பு விதை அவரை கொஞ்சம் கொடுத்தேன். பதிலுக்குச் சிறகு அவரை விதை ஒரு கை வந்தது. அதில் பாதி நாளை பாகூர் போகிறது, பாதி கேப்பர் மலைக்கு.

கருப்பு அவரையின் வழி இப்போதைக்குப் பண்ருட்டிப் பக்கத்தில் நிற்கிறது. ஆயாவின் அம்மாவுக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் இப்போது ஆளில்லை. ஆயாவின் அண்ணன் மகள் ஒருவர் பண்ருட்டிக்கு மேற்கே இருக்கிறாராம், அவர் வேலியில் இதே கொடி இருந்ததாக ஆயாவுக்கு ஞாபகம். ஆடிக்கு முன்னால் அங்கே போக வேண்டும். பண்ருட்டி, நடுவீரப்பட்டு, நெல்லிக்குப்பம் சுற்று வட்டாரத்தில் ஊதாத் தண்டு, ஊதாப் பூ, விளிம்பில் ஊதாக் கோடு போட்ட பட்டைக் காய், கருப்பு விதை, ஐப்பசிக்கு முன் பூக்காத குணம், இவ்வளவும் பொருந்துகிற அவரை உங்கள் வீட்டில் இருந்தால், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று இன்றைக்கே அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். விதை வேண்டுபவர்களுக்கு ஆளுக்குப் பத்து விதை அனுப்புகிற அளவுக்கு என்னிடம் இருக்கிறது. ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் மேட்டு நிலத்தில் இருக்கிற ஒரு சொந்தக்காரரின் விலாசத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அவருக்கும் பத்து விதை போகும்.